கைத்தொழில் கூடங்களில் வாடிக்கையாளர் அழைப்பும் மின்னஞ்சலும்: தேனி மாவட்ட நெசவை முன்வைத்து

வாடிக்கையாளர் தொடர்பு என்பது, பொருளைச் செய்து விற்பவரும் அதை வாங்க விரும்புபவரும் தமக்குள் நடத்தும் பேச்சு, கடிதம், குறுஞ்செய்தி, மின்னஞ்சல் ஆகிய எல்லாவற்றையும் குறிக்கும். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனிப் பிரிவும் சம்பளம் பெறும் ஆட்களும் உண்டு. சிறு கைத்தொழில் கூடத்தில் அப்படி யாரும் இல்லை. நெய்பவரே தொலைபேசியையும் எடுக்க வேண்டும். கணக்கையும் எழுத வேண்டும். கோபமாக இருப்பவரைச் சமாதானமும் செய்ய வேண்டும். தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி வட்டாரக் கைத்தறி நெசவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த வேலை எவ்வாறு நடக்கிறது, எங்கே தவறுகிறது, தவறினால் யார் இழக்கிறார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் மண்பாண்டத் தொழிலும் மூங்கில் கூடைத் தொழிலும் இறுதியில் சுருக்கமாகப் பேசப்படுகின்றன.

மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலையில் கணவாயைத் தாண்டியதும் வருவது ஆண்டிபட்டி. அதை ஒட்டிய ஜக்கம்பட்டியும் (சக்கம்பட்டி என்றும் எழுதுவர்) அருகிலுள்ள டி.சுப்புலாபுரமும் பருத்திச் சேலை நெசவுக்குப் பெயர் பெற்றவை. விசைத்தறிகள் பெருகிய பின்னும் அங்கே கைத்தறி நெசவு தொடர்கிறது.

அஞ்சலட்டையிலிருந்து கைப்பேசி வரை

நெசவாளருக்கு நெடுங்காலம் வாடிக்கையாளர் என்று ஒருவர் கண்ணில் பட்டதே இல்லை. நூலைக் கொடுத்துச் சேலையை வாங்கிக்கொண்டு கூலி தரும் ஜவுளிக்காரர் அல்லது கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், இந்த இரண்டில் ஒன்றோடுதான் அவருக்குப் பேச்சு. சங்கத்தின் துணி, 1935-ல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் போன்ற விற்பனை அமைப்பின் வழியாகக் கடைக்குப் போகும். அங்கே சேலையை விரித்துப் பார்த்த பெண்மணி என்ன சொன்னார் என்பது தறிவரை வந்து சேராது. வந்தாலும், "இந்த டிசைன் ஓடவில்லை" என்ற ஒற்றை வரியாகத்தான் வரும்.

வெளியூர் வியாபாரிகளோடு தொடர்பு அஞ்சலில் நடந்தது. அஞ்சலட்டையில் ஆர்டர் வரும், சரக்கு வி.பி.பி. பார்சலில் போகும். தபால்காரர் தொகையை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். அந்தத் தொகை மணியார்டராக அனுப்பியவருக்கு வந்து சேரும். இணைய விற்பனையில் இன்று "பொருள் கைக்கு வந்ததும் பணம்" என்கிறார்களே, அதன் பாட்டனார் இதுதான்.

தொலைபேசி வந்த புதிதில் அது நெசவாளர் வீட்டில் இல்லை. தெருவில் ஏதோ ஒரு மளிகைக் கடையிலோ, வசதியான வீட்டிலோ இருக்கும். அந்த எண்ணைத் தம் முகவரி அட்டையில் அச்சிட்டுப் பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். கல்யாணப் பத்திரிகைகளில்கூட இதைப் பார்த்திருக்கலாம். 1980-களின் பிற்பகுதியிலிருந்து மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்கள் பரவின. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நொடியும் காசு. எனவே பேச வேண்டியதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். கேட்ட பதிலையும் அதே தாளில் குறித்துக்கொண்டு வந்தார்கள்.

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு நடந்தது 1995 ஜூலை 31-ல். 2003 வரை நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு பேச்சு மலிந்தது. இன்று ஏறத்தாழ இலவசம். சேலையை உடுத்துபவரின் குரல் முதன்முறையாகத் தறிவரை வந்து சேர்ந்தது இதனால்தான். அது பெரிய மாற்றம். கூடவே ஒரு பழக்கமும் போய்விட்டது. காசு கொடுத்துப் பேசிய காலத்தில் எழுதி வைத்துக்கொண்டவர்கள், இலவசமாகப் பேசத் தொடங்கியதும் எழுதுவதை விட்டுவிட்டார்கள். இன்றைய தகராறுகளில் பெரும்பகுதி இங்கிருந்து தொடங்குகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தறியில் இருப்பவர் எப்படிப் பேசுவார்?

குழித்தறியில் நெய்பவரின் கால்கள் குழிக்குள் மிதியில் இருக்கும். ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்கும். மறு கை அச்சுப் பலகையைப் பிடித்து ஊடையை அடித்து நெருக்கும். இரு கைக்கும் இரு காலுக்கும் வேலை உண்டு. கைப்பேசி மணி அடித்தால் நான்கையும் நிறுத்த வேண்டும்.

நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். ஓட்டம் ஒரே சீராக இருக்கும்வரை ஊடை ஒரே நெருக்கத்தில் விழும். நிறுத்தி, எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து மறுபடி தொடங்கும்போது இழுவிசை சற்று மாறியிருக்கும். அடியின் வேகமும் மாறியிருக்கும். கவனம் இல்லையென்றால் அந்த இடத்தில் துணியின் குறுக்கே மெல்லிய கோடு விழும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். ஒருவர் விலை கேட்டதற்காக நிறுத்திய கோடு, இன்னொருவர் வாங்கும் சேலையில் இருக்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. மாணவர்கள் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம். நாளுக்குப் பத்து அழைப்பு, ஒன்றுக்கு ஆறு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம். எட்டு மணி நேர நெசவில் அது எட்டில் ஒரு பங்கு. கூலி நெசவாளருக்குச் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பேசிய நேரத்துக்குக் கூலி கிடையாது. நேரடியாக விற்கும்போது சேலைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் தொகை முழுவதும் லாபம்போலத் தோன்றும். அதில் ஒரு பகுதி பேசியதற்கான கூலி என்று விலை போடும்போதே எண்ணிக்கொள்ளாதவர், ஆறு மாதத்தில் "நேரடி விற்பனை கட்டுபடியாகவில்லை" என்று விட்டுவிடுகிறார்.

இதற்குக் கூடங்கள் கண்டுள்ள வழிகள் எளியவை. பேசும் நேரத்தைக் குறிப்பது ஒன்று: காலை தறி ஏறும் முன், மதிய உணவு வேளை, மாலை ஆறு மணிக்கு மேல். வாட்ஸ்அப்பின் வணிகச் செயலி 2018-ல் வந்தது. நாம் பதில் சொல்ல இயலாத நேரத்தில் தானாகவே ஒரு செய்தி போகும்படி அதில் அமைத்துவிடலாம். எடுத்துக்காட்டாக: "வணக்கம். இப்போது தறி ஓடுகிறது. மாலை 6 மணிக்கு மேல் நாங்களே அழைக்கிறோம். எந்தச் சேலை, எத்தனை, எந்த ஊருக்கு என்று ஒரு வரி எழுதி வையுங்கள்." தறி ஓடுகிறது என்று படிப்பவர் பெரும்பாலும் கோபிப்பதில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்காவிட்டால்தான் கோபம் வருகிறது.

எடுத்துப் பேச நேர்ந்தாலும் சுருக்கமாகச் சொல்லலாம்: "அக்கா, தறியில இருக்கேன். சாயங்காலம் நானே கூப்பிடுறேன். எந்தப் படம்னு மட்டும் வாட்ஸ்அப்ல போட்டு வைங்க." இந்தப் பக்கத்தில் குரலில் பேசும்போது அண்ணே, அக்கா, தம்பி, ஐயா, அம்மா என்றுதான் அழைப்பார்கள். சார், மேடம் என்று தொடங்கினால் பேச்சு விறைத்துப் போகும். எழுத்தில் மட்டும் வணக்கம் என்று தொடங்கிப் பொதுவாக எழுதுவது நல்லது. எதிரில் இருப்பவர் அக்காவா அம்மாவா என்று எழுத்தில் ஊகிக்க முடியாது.

மற்றொரு வழி, வீட்டில் ஒருவரிடம் தொலைபேசியை ஒப்படைப்பது. பெரும்பாலும் அது கல்லூரியில் படிக்கும் மகளாகவோ மகனாகவோ இருக்கும். ஒப்படைத்தால் மட்டும் போதாது. பாவு எந்த நிலையில் இருக்கிறது, எந்த நூல் கையிருப்பில் இல்லை என்பது பேசுபவருக்குத் தினமும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் "சரிங்க, முடியும்" என்று சொல்லிவிட்டால், முடிக்க வேண்டியவர் தறியில் இருப்பவர்.

நிறம் என்னும் தகராறு

சேலை ஆர்டரில் மிகுதியும் தவறுவது நிறமே. தொலைபேசியில் "பச்சை" என்றால் எதுவும் பொருள்படாது. கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, மயில்கழுத்தா? சிவப்பில் அரக்கு, மிளகாய்ப்பழம், குங்குமம். மஞ்சளில் மாம்பழம், எலுமிச்சை, சந்தனம். வெங்காயத்தோல் நிறம் என்று ஒன்று உண்டு. அதைச் சொன்னால் உடனே புரியும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் எம்.எஸ். நீலம் என்றொரு நிறமே இருக்கிறது. இப்பெயர்களைப் பழங்கால அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் நிறத்தைச் சொல்லுவதற்கு நம் மக்கள் கண்ட கருவி அவை. நகரத்து வாடிக்கையாளருக்கு ஆங்கிலப் பெயரும் நெசவாளருக்குத் தமிழ்ப் பெயரும் தெரிந்திருக்கும்போது, நடுவில் பேசுபவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

கைப்பேசிப் படம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். அது வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அரக்கு ஊதாவாகத் தெரியலாம். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த சேலையோ மடிப்பு மாறினாலே நிறம் மாறித் தெரியும். காலையில் வாசலில் நிழலான இடத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுத்தால் ஓரளவு ஒத்துவரும். பெரிய ஆர்டராக இருந்தால் சாயம் போட்ட நூலில் ஒரு சாண் வெட்டி உறையில் வைத்து அஞ்சலில் அனுப்பும் பழைய வழக்கத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

வாடிக்கையாளருக்குப் பொதுவாகத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. ஒரு சேலைக்கென்று தனியாகப் பாவு ஏற்றுவதில்லை. ஒரே பாவில் பல சேலைகளுக்கான நீளம் இருக்கும். நூலுக்குச் சாயம் போடும் முன்பு உடலின் நிறம், கரையின் நிறம், கரையின் அகலம் எல்லாவற்றையும் மாற்றலாம். பாவு தறியில் ஏறிய பின் ஊடையையும், ஊடையால் அமையும் முந்தியையும் மட்டுமே மாற்ற இயலும். நெய்து முடித்தபின் எதுவும் இயலாது. "அதே சேலை, கரை மட்டும் நீலத்தில்" என்று ஒருவர் எளிதாகக் கேட்கும்போது, அவர் கேட்பது ஒரு புதிய பாவை. இதைப் பொறுமையாக ஒருமுறை விளக்கிவிட்டால் அதே வாடிக்கையாளர் அடுத்த முறை சரியாகக் கேட்கிறார். விளக்காமல் "முடியாது" என்று வைத்துவிட்டால், மனமில்லாமல் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்.

ஆர்டர் நோட்டும் உறுதிச் செய்தியும்

பேச்சு முடிந்ததும் எழுத வேண்டியவை: தேதி, பெயர், ஊர், கேட்ட பொருள், நிறம் (உடல், கரை, முந்தி தனித்தனியே), சட்டைத்துணி உண்டா, எண்ணிக்கை, சொன்ன விலை, முன்பணம், தருவதாகச் சொன்ன நாள், பேசியவர் யார். கடைசியில் உள்ளது முக்கியம். "உங்க பையன் சரின்னு சொன்னாரே" என்று ஒருவர் சொல்லும்போது, எந்தப் பையன், எந்த நாள் என்று பார்க்க அது உதவும். நூறு பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். கணினியில் எழுதுபவர் எழுதலாம். ஆனால் தறிக்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டைத்தான் நெய்பவர் பார்ப்பார்.

எழுதியதை வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டுவது அடுத்த படி. வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்தியவர்களுக்கு இது தெரியும். "சரியாக எழுதினாயா?" என்று கேட்டால் முப்பது பிள்ளைகளும் தலையாட்டுவார்கள், "எழுதியதைப் படி" என்றால்தான் பிழை வெளிப்படும். தொலைபேசியிலும் "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்பதால் பயனில்லை. அஞ்சல் குறியீட்டு எண்ணின் ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எண் சொல்பவரிடம் பதினைந்தா ஐம்பதா என்று தமிழில் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு அதையே எழுத்தில் அனுப்ப வேண்டும். ஒரு மாதிரி:

"வணக்கம். இன்று பேசியபடி: பருத்திச் சேலை 3. உடல் மாம்பழ மஞ்சள், கரையும் முந்தியும் அரக்கு. சட்டைத்துணி சேர்ந்தது. விலையும் அனுப்பும் செலவும் கீழே தனித்தனியே உள்ளன. பாவு ஏற்றிய பின் உடல், கரை நிறம் மாற்ற இயலாது. நீங்கள் 'சரி' என்று பதில் அனுப்பிய பிறகே வேலையைத் தொடங்குவோம்."

இதில் கடைசி வாக்கியம்தான் காவல். அது இல்லாமல் நெய்யத் தொடங்கி, "நான் சும்மா விசாரிச்சேன்" என்று பதில் வந்தால், நூல், சாயம், பல நாள் உழைப்பு எல்லாம் கூடத்தின் தலையில் விழும். ஒரு சேலைக்கே இப்படி என்றால், பள்ளி விழாவுக்கு நாற்பது சேலை என்று கேட்டவர் பின்வாங்கும்போது ஏற்படும் இழப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

மின்னஞ்சல்

இவ்வட்டாரத்தில் சில்லறையாக வாங்குபவர் மின்னஞ்சல் எழுதுவது அரிது. எழுதுபவர்கள் மூன்று வகையினர்: மொத்தமாக வாங்கும் நகரத்துக் கடைகள், கண்காட்சி நடத்துவோரும் அரசு அலுவலகங்களும், வெளிநாட்டுத் தமிழர். மூவருமே பெரிய தொகைக்கு உரியவர்கள். ஆகவே வரும் எண்ணிக்கை குறைவு என்று மின்னஞ்சலைப் பார்க்காமல் இருப்பது நட்டம். கண்காட்சிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் முடிந்து பத்து நாள் கழித்து அந்த அஞ்சலைத் திறந்தவர்கள் உண்டு.

நடைமுறையில் உள்ள பெரிய தடை வேறு. மின்னஞ்சல் முகவரியை யாரோ ஒரு பிரவுசிங் சென்டர் தம்பி உருவாக்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும், மீட்பதற்கான ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போகும். அந்த எண் இப்போது வேறொருவரிடம் இருக்கும். முகவரி அட்டையில் மட்டும் அந்த முகவரி அச்சாகிக்கொண்டே இருக்கும். தொழிலின் பெயரில் ஒரு முகவரி, குடும்பத்தில் இருவருக்குத் தெரிந்த கடவுச்சொல், மீட்பு எண்ணாக இன்று பயன்படும் எண், இவை மூன்றும் இருக்கின்றனவா என்று இன்றே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுத் தமிழரோடு பேச மின்னஞ்சல் ஏற்றதாக இருப்பதற்கு நேர வேறுபாடும் காரணம். டொராண்டோவில் மாலை ஏழு மணிக்கு ஓய்வாக ஒருவர் அழைத்தால், கோடையில் நமக்கு அதிகாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால் அங்குள்ளவர்களோடு பேசுவது எளிது. அயல்நாட்டுக்கு எழுதும்போது விலையில் அனுப்பும் செலவு சேர்ந்ததா, அந்நாட்டுச் சுங்க வரி யாருடையது என்ற இரண்டையும் முதல் அஞ்சலிலேயே எழுதிவிட வேண்டும்.

குறை சொல்லும் அழைப்பு

"சேலையில் ஓரிடத்தில் நூல் தடிப்பாக இருக்கிறது" என்று வரும் அழைப்பும், "சாயம் போகிறது" என்று வரும் அழைப்பும் ஒன்றல்ல. கையால் நெய்த துணியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு தடிப்பு இருப்பது இயல்பு. சாயம் போவதும், ஓட்டை இருப்பதும், நீளம் குறைவதும் குறை. இந்த வேறுபாட்டை விற்கும் முன்பே சொல்லியிருந்தால் முதல்வகை அழைப்பு பெரும்பாலும் வராது. முதல் சில முறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துமாறு ஒரு சீட்டை உள்ளே வைப்பதும் அவ்வாறே.

குறை சொல்பவரை முதலில் முழுதாகப் பேசவிட வேண்டும். பிறகு படம் கேட்க வேண்டும். யார் தவறு என்பதை முதல் பதிலில் எழுதக் கூடாது. "பார்த்துவிட்டு நாளை மாலைக்குள் சொல்கிறோம்" என்று நாள் குறித்துச் சொல்லி, அந்த நாளில் சொல்லிவிட வேண்டும். என்னிடம் படித்த பெண் ஒருவர் தம் வீட்டுச் சேலை பற்றி வந்த புகாருக்கு, இணையத்தில் கிடைத்த ஆங்கில மன்னிப்புக் கடிதத்தை அப்படியே அனுப்பியிருந்தார். வாடிக்கையாளருக்குக் கோபம் இரட்டிப்பானது. அன்று மாலை அவருடைய தந்தை தொலைபேசியை எடுத்து, "அம்மா, நெய்தவன்தான் பேசுறேன். எந்த இடத்துலன்னு சொல்லுங்க" என்றார். மூன்று நிமிடத்தில் முடிந்தது. எழுத்து நல்லதுதான், ஆனால் மனம் புண்பட்ட இடத்தில் முதலில் குரல், பிறகு எழுத்து.

சட்டமும் இதில் உண்டு. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி இணையவழி விற்கும் நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு கூடத்தில் அந்த அலுவலரும் நெசவாளரே. வாங்குபவர் முறையிட விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பணம் அனுப்புகிறேன் என்று வரும் அழைப்பு

கவனமாக இருக்க வேண்டிய அழைப்பு இதுவே. மறுமுனையில் இருப்பவர் விலை பேசமாட்டார். கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்வார். படைவீரர் என்றோ பெரிய அதிகாரி என்றோ சொல்வார். முன்பணம் அனுப்புவதற்காக என்று ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொல்வார். யு.பி.ஐ. முறையில் பின் எண் என்பது பணம் கொடுக்கும்போது தேவைப்படுவது. பெறுவதற்குத் தேவையே இல்லை. எண்ணைப் போட்டதும் பணம் நம் கணக்கிலிருந்து போய்விடும். பணம் கட்டியதாக வரும் திரைப் படத்தை நம்பிச் சரக்கை அனுப்புவதும் இதே போன்ற பிழை. வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே பொதியைக் கட்ட வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அந்த அளவு பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

பானையும் கூடையும்

பள்ளத்தாக்கின் மற்றக் கைத்தொழில்களிலும் நிலைமை இதுவே. சிக்கல் மட்டும் இடம் மாறுகிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் பக்தர்கள் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுப்பார்கள். விழா நெருங்கும்போது "நாளைக்கே வேணும்" என்று அழைப்புகள் வரும். வனைந்த பானை காய வேண்டும், சூளையில் வேக வேண்டும். இடையில் கோடை மழை பெய்தால் இன்னும் தள்ளும். இங்கே நிறத் தகராறு இல்லை, நாள் தகராறுதான். "இல்லை, முடியாது" என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த குயவருக்கு அடுத்த ஆண்டும் ஆர்டர் வருகிறது. ஈரமண் கையோடு தொலைபேசியை எடுக்கவும் முடியாது என்பதால், அந்த நாட்களில் வீட்டுப் பெண்களே பேசுகிறார்கள்.

மூங்கில் கூடையில் சிக்கல் அளவு. தக்காளிக்கும் திராட்சைக்கும் பிளாஸ்டிக் பெட்டி வந்துவிட்ட பிறகு, கல்யாணத் தாம்பூலத்துக்குச் சிறு கூடை கேட்பவர்கள் கூடை முடைபவரைத் தேடி வருகிறார்கள். எங்கோ இணையத்தில் பார்த்த படத்தை அனுப்பி "இதே மாதிரி இருநூறு" என்பார்கள். படத்தில் கூடை எவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும்? முடைபவர் சாண் கணக்கில் பேசுவார். கேட்பவர் அங்குலத்தில் பேசுவார். ஒரு கூடையை முடைந்து, அதற்குள் ஒரு தேங்காயை வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் பேச்சு அதோடு முடிகிறது. தாம்பூலக் கூடை என்றால் தேங்காய் உள்ளே அடங்க வேண்டும், அவ்வளவுதான். "உங்க ஊர்த் தேங்காய் எந்த அளவுல இருக்கும்?" என்று ஒரு கூடைக்காரர் திருப்பிக் கேட்டார். வாடிக்கையாளர் அடுத்த நாள் ஒரு தேங்காயைக் கைப்பிடியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார்.